இடுப்பு மட்டும் எடு

1

இன்று காலை ஸ்கேன் முடிந்து எழுந்த ஒரு கிரேக்கப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எழுபது வயதிருக்கும். "உள்ளே என்ன தெரிந்தது, சொல்லேன் மகளே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லி வரும் பதிலையே அவருக்கும் சொன்னேன். படம் எடுப்பது மட்டும்தான் என் வேலை, அதைப் பார்த்துச் சொல்ல டாக்டர் இருக்கிறார், இரண்டு நாளில் உங்களுக்குத் தகவல் வரும். அவர் பதிலை நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார். அதையும் நாங்கள் பழக்கி வைத்திருக்கிறோம். திரையில் எதைக் கண்டாலும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரிதான் வெளியே வர வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

மெல்பர்னிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கடலோரமாக இருக்கிறது இந்த ஊர். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. மெஷினை ஓட்டுகிறேன். டாக்டர் இல்லை. ஊரில் எங்கள் தெருவில் மட்டும் நான் "ஸ்கேன் டாக்டரம்மா". யாராவது அப்படிச் சொன்னால் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். திருத்தியிருக்க வேண்டும்.

என் அக்கா பிலோமினாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்து இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. இதை எழுதுவதால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே வைத்தியம் பார்க்கும் மேதாவி நான் ஒருத்தி மட்டும் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு ஆள் இருப்பார். அவர் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

2

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். சாந்தோமுக்குப் பின்னால், கடற்கரையை ஒட்டின குடியிருப்பில்தான் பிறந்தோம், வளர்ந்தோம். நான் பள்ளிக்கூடம், காலேஜ் என்று போனேன். அக்கா அம்மாவோடு மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா போன பிறகு அந்த இடம் அவளுடையது ஆனது. மாமா, அதாவது அவள் புருஷன், மாரடைப்பில் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் லீமா தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

வஞ்சிரத்தை நடு முள் நோகாமல் துண்டு போடுவதில் அக்காவை மிஞ்ச லூப் ரோட்டு மீன் கடைகளில் ஆள் கிடையாது. அடையாறிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்கூட "பிலோம்மா இல்லியா?" என்று கேட்டு, அவள் வரும்வரை நின்று வாங்கிப் போவார்கள். வாயும் அப்படித்தான். பேரம் பேசுகிறவர்களைத் திட்டிக்கொண்டே ஒரு சங்கரா மீனைக் கூடச் சேர்த்துப் போடுவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே உலகம் அது. காலை ஐந்தரைக்கு எழுந்து, ஏலத்தில் நின்று, கூடையைத் தூக்கி, உட்கார்ந்து, எழுந்து, மதியம் வரை அந்த ஈரத் தரையில்தான் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடியோ கால். எங்களுக்கு அது மதிய சாப்பாட்டு நேரம். எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று உண்டு, அநேகமாக உங்கள் வீட்டிலும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் உடம்பு சரியில்லாதவர் முகம் கழுவி, பவுடர் போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். தூரத்தில் இருக்கிறவள் கவலைப்படக் கூடாதாம். அக்காவை நான் வாராவாரம் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன், கழுத்தில் ஜெபமாலையைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே அவளை நான் பார்த்தே ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

என் மகன் கெவினுக்குப் பதினாறு வயது. அவனும் வந்து "ஹாய் பெரியம்மா" என்பான். அக்கா படபடவென்று பத்துக் கேள்வி கேட்பாள். அவனுக்கு ஒன்றுகூடப் புரியாது. எல்லாவற்றுக்கும் "சூப்பர்" என்று ஒரே பதில் சொல்லிவிட்டு நழுவிவிடுவான். "புள்ள நல்லா பேசுறான்டீ" என்பாள் அக்கா.

3

முதலில் செருப்புதான். நடக்கும்போது இடது காலில் செருப்பு கழன்று பின்னால் கிடக்குமாம், அவளுக்குத் தெரியாதாம். நாலு அடி தாண்டி யாராவது கூப்பிட்டுச் சொல்வார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஸ்டெல்லா, இத்த கேளேன். பாவாட நாடா இறுக்கிக்கினே கீது. லூசா கட்டுனாலும் இறுக்குது. நைட்டி போட்டுக்கினாலும் இறுக்குது. நாடாவே இல்ல, அப்பவும் யாரோ சுத்தி கட்டி இழுக்குறா மாரி கீது" என்றாள்.

"வெயிட் போட்ருப்ப. கேஸா இருக்கும். ராத்திரில கொழம்பு சோத்த கொறை" என்றேன்.

நடுமுதுகில் தண்டுவடம் நசுங்கினால் வயிற்றைச் சுற்றி இப்படித்தான் ஒரு பட்டை இறுக்குவது போல இருக்கும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். புத்தகத்தில் பாவாடை நாடா என்று போடவில்லை. அக்கா வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு அது வியாதி மாதிரியே படவில்லை. வீட்டுப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது.

கால் கனக்கிறது, மணலில் நடந்தால் பஞ்சில் நடப்பது போல இருக்கிறது என்றும் சொன்னாள். அதோடு ஒரு கேலி. "நீ இங்க இருந்தா ஒரு மிதி மிதிச்சினா போயிடும்டீ." நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் மிதித்தால் பிடிப்பு விட்டுப் போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. ஏழு எட்டு வயதில் எங்கள் தெருவில் பாதிப் பேர் முதுகில் ஏறி நின்றிருக்கிறேன். வலை இழுத்துப் பிடிப்பு வந்தவர்கள் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள், மிதித்ததற்கு ஒரு தேன் மிட்டாய் கிடைக்கும். "டிக்கெட் எடுத்து அனுப்பு, வந்து மிதிக்கிறேன்" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு நான் அங்கே இருந்து, அவள் கேட்டிருந்தால், மிதித்தும் தொலைத்திருப்பேன்.

4

ஒரு நாள் ஏலத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சத்தம் போட்டதில் லீமா லீவு எடுத்து, மயிலாப்பூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல மனிதர். அவரைப் பற்றி இப்போது அப்படித்தான் சொல்ல முடியும்.

லீமா எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "சித்தி, அவரு சின்ன சுத்தியால முட்டில தட்னாரு. அம்மா காலு எகிறி அவரு மேலயே பட்ருச்சி. அப்பால ஸ்கூட்டர் சாவிய எடுத்து உள்ளங்கால்ல கீறுனாரு. கட்ட வெரலு மேல தூக்கிக்கினு நின்னுச்சி. அவரு மூஞ்சே மாறிப்போச்சி சித்தி. ஸ்கேன் எடுக்க சொல்லி எயிதி கீறாரு. நாளைக்கு காலைலயே எடுத்தாவணுமாம்."

இதைக் கேட்டபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கெவினுடைய பள்ளிக்கூடப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முழுதாகக்கூடக் கேட்கவில்லை. இடுப்பில் டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்தினால் முட்டி அடங்கிக் கிடக்கும். எகிறினால், உள்ளங்கால் கீறலுக்குக் கட்டைவிரல் மேலே போனால், கோளாறு அதற்கு மேலே, தண்டுவடத்தில். டாக்டர் அதைச் சாவியாலேயே கண்டுபிடித்துவிட்டார். படம் எடுத்து இடத்தைக் காட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் மறுபடி லீமாவின் போன் வந்தது, தி.நகரில் ஸ்கேன் சென்டர் வாசலிலிருந்து. எனக்கு அப்போது சாப்பாட்டு இடைவேளை.

"சித்தி, முதுகு முழுசும் எடுக்கணும்னு எயிதி கீறாரு. கழுத்துலேர்ந்து கீய வரைக்கும். முக்கா மணி நேரம் ஆவுமாம். அம்மா உள்ள எட்டிப் பாத்துட்டு பயந்துக்கினு கீது. சவப்பெட்டி மாரி கீதுன்னுது. இன்னா பண்றது?"

நான் சொன்னேன். என் வாயால், இந்த வாயால் சொன்னேன்.

"காலுதானடி நோவுது? அதுக்கு கழுத்த எதுக்கு எடுக்கணும்? எல்லாம் காசு பிடுங்குற வேல. அங்க இதான் பொழப்பு. நான் இதே வேலதான் பாக்குறேன், எனக்குத் தெரியாதா? இடுப்பு மட்டும் எடு. பாஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். அக்காவும் பயப்படாது."

"டாக்டர் திட்டுவாரு சித்தி."

"நான் பேசிக்கிறேன், போ."

அக்கா அந்தக் குழாய்க்குள் பயந்து கிடக்கக் கூடாது என்று நினைத்தது உண்மை. அதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். ஊரில் டாக்டர் என்றாலே ஏமாற்றுக்காரர், நமக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற ஒரு திமிர் விமானம் ஏறிக் கொஞ்ச நாளில் எனக்கு வந்துவிட்டது. இங்கே என் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிய சீட்டில் ஒரு வார்த்தையை மாற்ற எனக்குத் தைரியம் கிடையாது. சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் மெஷினைத் தொடுவேன்.

5

சாயங்காலம் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. இடுப்புப் பகுதி. கீழே நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. ஐம்பது வயது தாண்டிய யாரைப் படுக்கவைத்துப் படம் எடுத்தாலும் அந்தப் பிதுக்கம் இருக்கும். தினமும் பார்க்கிறேன். ஆனால் தேடியது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். படத்தின் மேல் ஓரத்தில் தண்டுவடத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே படம் இல்லை.

எந்த நோயாளிக்கும் இதுவரை சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன். "டிஸ்க்தான்க்கா. பயப்பட ஒண்ணுமில்ல. பெல்ட் போட்டுக்கோ, கூடைய தூக்காத, ரெண்டு மாசம் ரெஸ்ட் எடு."

"அப்டியா? அப்ப அந்த டாக்டராண்ட மறுபடி போவணுமா?"

"வேணும்னா போ."

வேணும்னா என்று சொன்னால் யார் போவார்கள்? ஸ்டெல்லாவே பார்த்துச் சொல்லிவிட்டாள். அக்கா பெல்ட் வாங்கினாள். ஏற்கெனவே நாடா இறுக்குகிறது என்றவள் அதன் மேல் ஒரு பெல்ட்டையும் இறுக்கிக்கொண்டு ஏழு வாரம் உட்கார்ந்திருந்தாள். வாராவாரம் முகத்தைக் காட்டினாள். "பரவால்லடீ, நீ சொன்னா மாரிதான் செஞ்சிக்கினு கீறேன்" என்றாள்.

6

ஏழாவது வாரம் லீமா தனியாகக் கூப்பிட்டாள். வேலை செய்யும் இடத்தில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"சித்தி, அம்மா உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சி. நேத்து பாத்ரூம்ல வியுந்துருச்சி. எந்திரிக்க முடில. அப்புறம்... ஒண்ணுக்கு வர்றதே தெர்ல சித்தி அதுக்கு. துணி நனைஞ்சாத்தான் தெரியுது. ஒரு மாசமா இப்டிதான். யாருக்கும் தெரியாம அதுவே தொவச்சிப் போட்டுக்குது."

அக்கா நடப்பதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நாலு அடி. முழங்கால் மடங்கவே இல்லை. இரண்டு காலும் விறைத்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுந்து தரையைத் தேய்த்தன. முகம் மட்டும் நான் ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் அதே முகம்.

பின்னால் நின்றிருந்த கெவின் எட்டிப் பார்த்தான். "ஏம்மா, பெரியம்மா ஏன் ரோபோ மாதிரி நடக்குறாங்க?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

ஒன்றும் தெரியாத பிள்ளை ஒரே பார்வையில் பார்த்துவிட்டான். இடுப்பு டிஸ்க்கில் கால் இப்படி விறைக்காது, தொளதொளத்துப் போகும். நாடா, செருப்பு, எகிறின கால், சாவி கீறின உள்ளங்கால் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. லீமாவைக் கூப்பிட்டு, "இப்பவே போ. ஆட்டோ பிடி. முழு முதுகும் எடுக்கணும்னு சொல்லு" என்று கத்தினேன். அவள் மெதுவாக, "சரி சித்தி" என்றாள்.

7

நடுமுதுகில் ஏழாவது எட்டாவது எலும்புக்கு நேராக, தண்டுவடத்தின் உறையிலிருந்து முளைத்த ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற ஜாதி. ஆனால் அதற்கு அங்கே இடம் ஏது? சுண்டுவிரல் பருமனில் இறங்கி வரவேண்டிய தண்டுவடம் அந்த இடத்தில் ஒரு ஓரமாக நசுங்கி, வெற்றிலைக் காம்பு அளவுக்கு ஒதுங்கியிருந்தது. நான் எடுக்க வேண்டாம் என்று சொன்ன இடத்தில் அது உட்கார்ந்திருந்தது.

அன்றே ராயப்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீக்கம் அடங்க ஊசி போட்டு, மறுநாளே ஆபரேஷன் என்று முடிவு செய்தார்கள். நான் கிளம்ப வேண்டும். கிளம்ப முடியவில்லை.

யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இந்த ஊர்க் குடியுரிமை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. வாங்கினவர்கள் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், அது இல்லாமல் ஊருக்கு விசா கிடைக்காது. நான் ஒப்படைக்கவில்லை. அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று அலமாரியில் வைத்திருந்தேன். அதன் முதல் பக்கத்தில் முப்பத்திரண்டு வயது ஸ்டெல்லா எண்ணெய் வழிய நிற்பாள், கொடுக்க மனசு வரவில்லை. இப்போது விண்ணப்பம், ஃபோட்டோ, மறுபடி ஃபோட்டோ, காது தெரியவில்லை என்று இன்னொரு ஃபோட்டோ. ஒன்பது நாள் ஆனது.

ஆஸ்பத்திரியில் அவசர விடுப்புக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். "நோயாளியின் பராமரிப்பில் உங்கள் பங்கு என்ன?" என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்றும் எழுதாமல் கொடுத்தேன். மேலாளர் நல்ல பெண், அதைத் திருப்பிக் கொடுத்து, "ஏதாவது எழுது ஸ்டெல்லா, இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது" என்றார். "ஆறுதல்" என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

ஆபரேஷன் அன்று எனக்கு டியூட்டி. லீமா தியேட்டர் வாசலில், நான் மெஷின் ரூமில். ஒவ்வொரு நோயாளியை உள்ளே தள்ளிவிட்டும் போனைப் பார்த்தேன். ஐந்து மணி நேரம். ஊரில் எங்கள் தெருப் பெண்கள் மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். நான் ஒரு வாலிபனின் முழங்காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு லீமாவின் குரல் வந்தது.

"எடுத்துட்டாங்க சித்தி. முழுசா எடுத்துட்டாங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல. காலு எவ்ளோ வரும்னு இப்ப சொல்ல முடியாதாம். ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா ஆபரேசனுக்கே நடந்து வந்திருப்பாங்கன்னு சொன்னாரு."

இதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மைக்கில் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

8

பத்தாவது நாள் போய்ச் சேர்ந்தேன். விமான நிலையத்துக்கு லீமா வந்திருந்தாள். ஆட்டோவில் கிண்டி தாண்டும்வரை அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள். மயிலாப்பூர் டாக்டரின் சீட்டு. முழு முதுகுத்தண்டு என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"அன்னிக்கே கிழிச்சிப் போட்ருக்கணும் சித்தி. மனசு வர்ல. நான் வச்சிக்கினு கீறது அம்மாக்கு தெரியாது."

"குடு, நான் வச்சிக்கிறேன்" என்றேன். கொடுக்கவில்லை. மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அது அவளுடைய உரிமை.

அக்கா கட்டிலில் கிடந்தாள். பவுடர் இல்லாத முகம். போர்வைக்கு வெளியே இரண்டு கால். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் காலைப் பார்க்கிறேன்! மெலிந்து போயிருந்தது. பாதத்தில் மீன் முள் குத்தி, தெரியாமலே சீழ் வைத்து ஆறின வடு இரண்டு மூன்று. "வந்துட்டியா? ஏன் இப்டி எளச்சிட்ட? சாப்புட மாட்டியா?" என்று என்னைக் கேட்டாள். மூத்திரப் பை கட்டிலின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கக் கூடாதென்று சேலைத் தலைப்பை அதன் மேல் இழுத்து விட்டாள்.

தினமும் பிசியோதெரபி செய்யும் பெண் வருவாள். "அம்மா, கட்ட வெரல ஆட்டுங்க" என்பாள். அக்கா கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் முறுக்குவாள். விரல் அசையாது. "ஆடுச்சா?" என்று கேட்பாள், அவளுக்கே தெரியாததால். முதல் நாள் நான் "ஆடுச்சுக்கா" என்று பொய் சொன்னேன். அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்படிச் சொல்லாதீங்க மேடம், அவங்க உங்கள ரொம்ப நம்புறாங்க" என்றாள். ஐயோ, இதற்கு அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

ஆறாவது நாள் வலது கட்டைவிரல் நிஜமாகவே அசைந்தது. இடதுகாலில் ஒன்றும் இல்லை. என் விடுப்பு பதினாலு நாள்தான். அக்காவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு விமானம் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன். டிபன் வரும், டாக்டர் வருவார், சொந்தக்காரர்கள் வருவார்கள். வருகிறவர்களிடமெல்லாம் அக்கா, "என் தங்கச்சிதான் வீடியோவ பாத்துட்டு கண்டுபுடிச்சிது. அது மட்டும் சொல்லலன்னா நான் அவ்ளோதான்" என்பாள். லீமா எழுந்து ஜன்னலோரம் போய்விடுவாள். நான் குனிந்துகொண்டு ஆரஞ்சுப் பழம் உரிப்பேன்.

9

இந்த ஒரு வருஷத்தில் அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறாள். அடையாறில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறாள். மூத்திரம் பாதி கட்டுக்குள் வந்திருக்கிறது. இடது கால் இழுக்கிறது. தரையில் உட்கார்ந்து எழ முடியாது, அதனால் கடையில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்கிறாள். இரண்டு தடவை ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். மூன்றாவது தடவை போகவில்லை. "அவ வஞ்சிரத்த கொத்துறாடீ, வெட்டல" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று அவளுக்கு மறுபடி ஸ்கேன். ஒரு வருஷத்தில் கட்டி திரும்ப முளைத்திருக்கிறதா, தண்டுவடம் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இந்தத் தடவை லீமா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்திலிருந்து கீழ்வரை, முக்கால் மணி நேரம், அக்கா கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டு வந்தாள். டாக்டரைப் பார்க்க நாளைக்குத்தான் நேரம்.

கிரேக்கப் பெண்மணியை அனுப்பிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு காரில் வந்து உட்கார்ந்தேன். போனில் அக்கா நம்பரிலிருந்து பதினெட்டுப் படங்கள் வந்திருந்தன. திறக்கவில்லை. உடனே அக்காவே கூப்பிட்டாள்.

"படம் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"பாத்தியா? இன்னா சொல்லுது?"

"நாளைக்கு டாக்டர் சொல்வாருக்கா. அவர் சொல்றதுதான் சரி."

"டாக்டர் சொல்றத நாளைக்கு கேட்டுக்கறேன். நீ சொல்லு."

"நான் டாக்டர் இல்லக்கா. படம் எடுக்குறவ. பாத்துச் சொல்றதுக்கு நான் படிக்கல."

"இன்னாடீ புச்சா பேசுற?"

சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை, கார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அக்கா, அன்னிக்கே அந்த மயிலாப்பூர் டாக்டர் முதுகு முழுசும் எடுக்கச் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். இடுப்பு மட்டும் எடுன்னு லீமாகிட்ட சொன்னது நான்தான். நான் சொல்லாம இருந்திருந்தா நீ இன்னிக்கு நடந்துக்கினு இருப்ப."

அக்காவுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"அதான் தெரியுமே" என்றாள். "லீமா ஸ்பீக்கர்ல தான போட்டா. நான் பக்கத்துலதான குந்திக்கினு இருந்தேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது, நான் ஆரஞ்சு உரித்தது, லீமா ஜன்னலுக்குப் போனது எல்லாம் அவளுக்குத் தெரிந்தே நடந்திருக்கிறது.

"தெரிஞ்சுமா மறுபடி என்னாண்ட கேக்குற?"

"பின்ன யாராண்ட போய் கேக்குறது? எனக்கு வேற யாரு கீறா?" என்றாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மீன் விலை சொல்கிற குரல்தான். "சீக்கிரம் பாரு. நான் லைன்லயே கீறேன்."